சார்ஜன்டின் இரண்டு வாளிகள்

சார்ஜன்டின் கைகளில் இரண்டு தகர வாளிகள் ஒட்டிக்கொண்டு இந்த மழைக்காலத்தோடு பதினாலு வருஷம் ஆகிறது. ஒட்டிய நாள் ஒரு திங்கட்கிழமை. முகாமில் அன்று வேறு விசேஷம் எதுவும் இல்லை.

வினையை அவனே கையெழுத்துப் போட்டு வாங்கினான். ஊர் ஆஸ்பத்திரியில் நர்ஸாக இருந்த அவன் மனைவி ராணுவ நர்ஸாகச் சேர விண்ணப்பித்தபோது, படையில் இருக்கும் கணவனின் சம்மதம் கேட்டு ஒரு தாள் வந்தது. ராணுவ நர்ஸ்கள் அதிகாரிகளாகத்தான் உள்ளே வருகிறார்கள் என்பது இருபது வருஷம் படையில் சாப்பிட்ட அந்தப் பெருமகனுக்குத் தெரியாது. ஊசியைக் கண்டாலே கண்ணை மூடிக்கொள்பவன், ஊசி போட்டவளின் தோளில் நட்சத்திரம் இருந்ததை எப்படிப் பார்ப்பான்? "போய்ப் பாரு. ரெண்டே மாசத்துல அழுதுக்கிட்டு வருவே" என்று தாளைப் படிக்காமலே கையெழுத்திட்டான். இன்னொரு கை மீசையில் வேலையாக இருந்தது.

ஆறு மாதப் பயிற்சி முடிந்து அவள் அதே முகாமின் ஆஸ்பத்திரிக்கு வந்தாள். அழவில்லை. தோளில் நட்சத்திரங்கள் இருந்தன. வீட்டுக்குள் அவள் மனைவி. வாசற்படி தாண்டினால் அவன் சல்யூட் அடிக்கவேண்டிய லெப்டினன்ட்.

இரண்டு கையிலும் சுமை உள்ளவன் சல்யூட் அடிக்கவேண்டியதில்லை என்று முகாமில் ஒரு விதி உண்டு. அந்தப் பெரிய மூளை அதைக் கண்டுபிடித்தது. மறுநாள் முதல் சார்ஜன்ட் கைக்கொன்றாக இரண்டு காலி வாளிகளோடு நடமாடினான். அணிவகுப்பிலும் வாளி, சம்பளத்துக்கு நிற்கும் வரிசையிலும் வாளி.

"என்ன சார், எங்கயாச்சும் கிணறு வத்திப்போச்சா?" என்றான் சமையற்காரன்.

"உன் வேலையைப் பாருடா."

மூன்று வாரம் கழித்து அந்தத் திங்கட்கிழமை சாப்பிட உட்கார்ந்தவன் வாளியைக் கீழே வைக்கப் பார்த்தான். வரவில்லை. சோப்பு போட்டார்கள், எண்ணெய் விட்டார்கள். பட்டறைக்காரன் கைப்பிடிகளை அறுத்தான். அவன் ரம்பத்தைத் துடைத்து முடிப்பதற்குள் அவை மறுபடி வளர்ந்திருந்தன. மூன்று டாக்டர்கள் கூடிப் பார்த்தார்கள். ஒருவர் நரம்பு என்றார், இன்னொருவர் துரு என்றார், மூன்றாமவர் இரண்டுக்கும் சேர்த்துக் கையெழுத்திட்டார். அவனுக்குச் சோறு ஊட்டும் வேலை அவன் அம்மாவுக்கு வந்தது.

"ஒரே ஒரு தடவை, வாளியோடவே கையை நெத்திக்குக் கொண்டுபோங்க. விழுந்துடும்னு தோணுது" என்றாள் மனைவி.

"பொண்டாட்டிக்கு சல்யூட் அடிக்கிறதா? அதுக்கு வாளியோடவே பாடையில போவேன்டி!"

"பாடையில ரெண்டு வாளிக்கு இடம் பத்தாதுங்க."

அவன் கர்னலிடம் போனான். மனைவி வேலையை விட்டால் வாளி விழும் என்று குமாஸ்தாவை வைத்து மனு எழுதிக் கொடுத்தான். போரைப் படத்தில் மட்டும் பார்த்திருந்த கர்னலுக்கு இது மிக நியாயமாகப் பட்டது. வெள்ளிக்கிழமைக்குள் ராஜினாமாக் கடிதம் வேண்டும், இல்லாவிட்டால் தானே நீக்கிவிடுவேன் என்று அவளுக்குச் சொல்லியனுப்பினார். அந்த வாரம்தான் குண்டடிபட்ட ஒருவனின் நின்றுபோன நாடி அவள் விரலடியில் திரும்பித் துடித்திருந்தது. அதை ஒருமுறை உணர்ந்தவளிடம் போய், அடுப்பைப் பார்த்துக்கொள் என்கிறார்கள்.

வெள்ளிக்கிழமை அவள் கர்னலின் அறைக்கு வந்தாள். மகனோடு மாமியாரும் அங்கே நின்றிருந்தாள்.

"எழுதறதுக்கு முன்னாடி ஒரு தடவை சோதிச்சுப் பாத்துடலாம் சார்" என்று இடத்தோள் நட்சத்திரங்களைக் கழற்றி மேசைமேல் வைத்தாள். சார்ஜன்டின் இடக்கை வாளியில் விளிம்புவரை தண்ணீர் நிறைந்தது. வலத்தோளையும் கழற்றினாள். வலக்கை வாளியும் நிறைந்து, இரண்டும் வழிய ஆரம்பித்தன. நல்ல தெளிந்த தண்ணீர். கம்பளம் நனைந்தது, கோப்புகள் மிதந்தன, கர்னல் நாற்காலிமேல் ஏறினார்.

"ஐயோ, தோள்பட்டை போச்சே!" என்று கத்தினான் சார்ஜன்ட்.

"அந்தக் கையைத் தூக்கித் தொலையேன்டா!" என்றாள் பெற்றவள். அவன் தூக்கவில்லை.

"மாட்டும்மா, மாட்டு!" என்றார் நாற்காலி மேலிருந்து கர்னல்.

"ராஜினாமா, சார்?"

"யாரும்மா உன்கிட்ட கேட்டா?"

அவள் அவசரப்படாமல் ஒவ்வொன்றாக மாட்டிக்கொண்டாள். தண்ணீர் வந்த வழியே போயிற்று. கர்னலின் காலுறை மட்டும் காய இரண்டு நாள் ஆனது.

அதன்பிறகு அவளிடம் யாரும் கடிதம் கேட்கவில்லை. சார்ஜன்டை என்ன செய்வது என்று யோசித்து, ஆஸ்பத்திரித் தாழ்வாரத்தில் தீயணைப்பு வேலைக்குப் போட்டார்கள். வாளிகளுக்குச் சிவப்பு வர்ணம் அடித்து மணல் நிரப்பினார்கள். பார்வையாளர்கள் சிகரெட் துண்டு போடுகிறார்கள் என்பதால் சட்டைப் பையில் ஓர் அறிவிப்பும் குத்தப்பட்டது. இன்றுவரை கை நெற்றிக்குப் போகவில்லை. தான் தோற்கவில்லை என்று புதிதாக வரும் நோயாளிகளிடம் சொல்லிக்கொள்கிறான். அவர்களும் சரி என்கிறார்கள். அவள் இப்போது மேஜர். தினமும் இரண்டு முறை அவனைக் கடந்துபோகிறாள். வாளிகளுக்குள் எட்டிப் பார்த்து, "மணல் நனைஞ்சிருக்கு, மாத்துங்க" என்று யாரிடமாவது சொல்கிறாள்.

போன மாதம் மூன்றாம் வார்டில் திரைச்சீலை பற்றிக்கொண்டது. இரண்டு பணியாட்கள் சார்ஜன்டைத் தூக்கிக்கொண்டு ஓடித் தீயின்மேல் கவிழ்த்தார்கள். அணைந்துவிட்டது. மீசையில் ஒரு பக்கம் கருகியதற்கு அவளே மருந்து போட்டாள். பிறகு மணலை நிரப்பி, பழைய இடத்திலேயே கொண்டுபோய் வைத்தார்கள்.