குழாய்ப் பாதையில் முன்னூற்றுப் பன்னிரண்டு பேர்

"நாப்பத்தொண்ணு," என்றாள் மமதா.

கட்டைவிரலால் அழுத்தினால் எண் ஏறுகிற அந்தச் சின்னக் கருவியை வினோலியாவின் முகத்துக்கு நேரே நீட்டிக் காட்டினாள். செவ்வாய்க்கிழமை, காலை எட்டு மணி. நந்திதுர்க் லைனின் பழைய சுரங்கத் தொழிலாளர் வீடுகள் முடிந்து குழாய்ப் பாதை தொடங்குகிற இடம். பெங்களூரு ரயில்களைப் பிடிக்கிறவர்கள் போயாயிற்று. ராபர்ட்சன்பேட்டைக் கடைகளுக்கு வேலைக்குப் போகிறவர்களும் போயாயிற்று. இனி வந்தால் ஆடுதான் வரும்.

"லிஸ்ட்ல முன்னூத்திப் பன்னெண்டு பேர் மேடம். தினமும் இந்த வழியில சைக்கிள் ஓட்றவங்கன்னு நீங்களே டைப் பண்ணிக் குடுத்தீங்க. குறைஞ்சது இருநூறு வேணும். வெள்ளிக்கிழமைக்குள்ள ஒரு பதில் சொல்லுங்க. இல்லன்னா ஃபைலை மூடிடுவாங்க."

நகரசபை இன்ஜினியர் மமதா சிந்தாமணி ஊர்க்காரி. கோபப்படத் தெரியாதவள். அதனாலேயே வினோலியாவுக்கு இன்னும் கூச்சமாக இருந்தது. ஸ்கூட்டர் புழுதி கிளப்பிக்கொண்டு போன பிறகும் அங்கேயே நின்றாள். இருநூற்று எழுபத்தொரு பேர். ஒரு ரயில் பெட்டியே கொள்ளாத கூட்டம். எங்கே போனார்கள்?

தங்கச் சுரங்கம் ஓடிய காலத்தில் தாது அரைக்கும் மில்லுக்குத் தண்ணீர் கொண்டுபோன குழாய் அந்தப் பாதையில் கிடந்தது. சுரங்கம் மூடியதும் குழாயை யாரோ அறுத்துக்கொண்டு போனார்கள். சைக்கிள் இரண்டு ஒதுங்கிப் போகிற அகலத்துக்கு ஒரு மண் பட்டை மட்டும் மிச்சம். இந்தப் பக்கம் தங்கம் பிரித்து மிஞ்சிய சயனைட் மண்மேடு, அந்தப் பக்கம் முள்காடு. மேட்டைச் சுற்றித் திரும்பும் இடத்தில் எதிரே வருவது தெரியாது. அங்கே மூன்று மணி அடிப்பார்கள். சுரங்கத்துக்குள் இறக்கும் கேஜ் கூண்டில் ஆள் ஏறினால் அடித்த அதே மூன்று மணி. கேஜையே பார்த்திராத பிள்ளைகளும் கேட்காமலே அடித்தார்கள். மழை பெய்தால் சக்கரம் புதையும். காய்ந்தால் முள் குத்தும். ஆனாலும் ஸ்டேஷனுக்கு இரண்டே கால் கிலோமீட்டர்தான். மெயின் ரோட்டைச் சுற்றினால் ஆறு கிலோமீட்டர், லாரிகளோடு மல்லுக்கட்டிக்கொண்டு.

பாதையைச் சமப்படுத்தி, கெட்டித் தளம் போட்டு, நாலு விளக்கு நட்டு, மோட்டார் பைக் நுழையாமல் தடுப்பு வைத்துக் கொடுங்கள். இதுதான் மனு. வினோலியாவே எழுதி, வேலை செய்கிற ஜெராக்ஸ் கடையில் அவளே டைப் அடித்து, பதினோரு மாதமாக அலைந்துகொண்டிருந்தாள். சர்ச்சில் பெஞ்சு பெஞ்சாகக் கையெழுத்து வாங்கினாள். "நம்ம வினோலியாவுக்கு ஊர்மேல இன்னா அக்கறை பாரு," என்று பாதிரியார்கூடச் சொன்னார். ஊர்மேல் அக்கறை இல்லாமல் இல்லை. ஆனால் அக்கறைக்குப் பின்னால் ஓர் ஆள் இருந்தான்.

ஸ்டீவன். அவள் கணவன். பெங்களூரில் ஒயிட்ஃபீல்டு பக்கம் ஒரு கிடங்கில் சூப்பர்வைசர். இரண்டு வருடத்துக்கு முன் ஒரு மழை நாளில் குழாய்ப் பாதையை விட்டு மெயின் ரோட்டில் போனான். லாரி உரசித் தோள்பட்டை எலும்பு முறிந்தது. ஆஸ்பத்திரியில் கையைத் தூளியில் கட்டிக்கொண்டு படுத்திருந்தவன் கண்ணை மூடியபடியே சொன்னான்: "அந்த வழி மட்டும் ஒழுங்கா இருந்துச்சின்னா, தெனம் வந்துனு போயினு இருப்பேன் வினோ."

எலும்பு கூடியதும் பெங்களூரிலேயே நாலு பேரோடு ரூம் எடுத்தான். முதலில் வாராவாரம் வந்தான். பிறகு இரண்டு வாரத்துக்கு ஒரு தடவை. அப்புறம் கிறிஸ்மஸுக்கும் சாவுக்கும். சண்டை எதுவும் இல்லை. சண்டை இருந்திருந்தால் சமாதானம் பேச ஒரு வழியாவது இருந்திருக்கும். அவளிடம் இருந்தது அந்த ஒரு வாக்கியம்தான். அதைப் பிடித்துக்கொண்டுதான் நகரசபைப் படிகளை ஏறி இறங்கினாள்.

அன்று மாலை பட்டியலை எடுத்துக்கொண்டு முதல் தெருவிலிருந்தே தொடங்கினாள். முதல் வீடு பார்வதம்மா. வாசலில் பட்டாணி உரித்துக்கொண்டிருந்தவள் நிமிர்ந்து பார்த்தாள்.

"யக்கா, உங்க ரவிகுமார் பேரு லிஸ்ட்ல இருக்குது. காத்தால எண்ணும்போது வரலியே?"

"அவன் எப்டி வருவான்? மாரத்தஹள்ளில கீறான். மூணு வருசமாச்சே."

"அப்போ தெனம் போறவங்கன்னு கையெழுத்து போட்டீங்களே?"

பார்வதம்மா பட்டாணித் தோலை முறத்தின் ஓரமாக ஒதுக்கினாள். "வழி போட்டா வந்துடுவான்ல. வர்றவன் பேர முன்னாடியே எழுதி வெச்சா இன்னா கெட்டுப்போச்சி?"

அடுத்த வீடும் அப்படித்தான். அதற்கடுத்த வீட்டில் இரண்டு பெண்கள் பேர், இரண்டும் ஓசூரில். ஒரு வீட்டில் மருமகன் பேர். அவன் இந்த ஊருக்கு மொத்தமே நாலு தடவைதான் வந்திருக்கிறான். மூன்றாவது தெரு முனையில் காத்தவராயன் இருந்தார். எழுபத்தாறு வயது, பென்ஷன்காரர். இரண்டு மகன்கள் பேரோடு தன் பேரையும் சேர்த்து எழுதியிருந்தார்.

"உங்களுக்கு முட்டி ஆபரேஷன் ஆச்சே பெரியவரே, நீங்க எப்டி ஓட்டுவீங்க?"

"முட்டிதான் இல்ல. சைக்கிள் கீது." சிரித்தார். பிறகு அவள் முகத்தைப் பார்த்துச் சிரிப்பை நிறுத்திக்கொண்டார். "இத பாரும்மா. ஷாஃப்ட்டுல எறங்குனவன் டோக்கன் போர்டுல தொங்கும். ஷிஃப்ட் முடிஞ்சிருக்கலாம், அடுத்த ஷிஃப்ட்டுகூட எறங்கி இருக்கலாம். அவன் மேல வந்து கையால எடுக்காத வரிக்கும் அத யாரும் தொட மாட்டோம். கீழ இருக்கான்னு அர்த்தம். அவ்ளோதான். நாங்க அப்டி எண்ணியே பழகிட்டோம். எங்கள வந்து பொய் லிஸ்டுன்னா எப்டி?"

பார்வதம்மா பின்னாலேயே வந்திருந்தாள். வினோலியாவின் கையிலிருந்த தாள்களை உரிமையோடு வாங்கி முதல் பக்கத்தைத் திருப்பினாள்.

"எங்களக் கேக்குறியே. ஒண்ணாம் நம்பர் யாருது?"

ஒன்று. பி. ஸ்டீவன், நந்திதுர்க் லைன். அவள் விரலே அடித்த எழுத்து.

பார்வதம்மா தாள்களைத் திருப்பிக் கொடுத்தாள். முந்தானையில் கட்டி வந்த பட்டாணியில் ஒரு கை அள்ளி அவள் பையில் போட்டுவிட்டுப் போனாள்.

மறுநாள் மதியம், கடையில் கூட்டமில்லாத நேரத்தில் ஸ்டீவனுக்குப் போன் போட்டாள்.

"சாப்ட்டீங்களா?"

"ஆச்சி. நீ?"

"ஆச்சி. அந்த வழி விஷயம்... லிஸ்ட்ல உங்க பேரு இருக்குது. திரும்ப எண்ண வருவாங்க போல."

"என் பேரு இன்னாத்துக்கு?"

"நீங்கதான சொன்னீங்க. வழி ஒழுங்கா இருந்தா தெனம் வந்துனு போவேன்னு."

அந்தப் பக்கம் ஏதோ வண்டி பின்னால் நகரும் சத்தம் விட்டு விட்டுக் கேட்டது.

"நான் எப்போ சொன்னேன்?"

வாதம் செய்கிற குரலாக இருந்தால் அவளும் வாதம் செய்திருப்பாள். நிஜமாகவே யோசித்துக் கேட்டான்.

"ஆஸ்பத்திரில."

"அப்போ ஊசி போட்டிருந்தாங்க வினோ. இன்னா உளறுனேனோ." பிறகு, "இங்க பழகிடுச்சி. ரூமுக்கு ஸ்டவ் வாங்கிட்டோம். நான்தான் ரசம் வெக்கிறேன் இப்போ," என்றான்.

இருபது வருடத்தில் வீட்டில் ஒரு டம்ளர் காபி கலக்காதவன். பார்க்காத அந்த ஸ்டவ்வின்மேல் அவளுக்குப் பொறாமையாக இருந்தது.

"பூண்டு தட்டிப் போடுறீங்களா?"

"போடுறேன்."

"சரி," என்று வைத்துவிட்டாள். ஜெராக்ஸ் மிஷின் சூடேறிக்கொண்டிருந்தது. யாரோ ஆதார் அட்டையை நீட்டினார்கள். முன்னும் பின்னும் எடுத்துக் கொடுத்தாள்.

வெள்ளிக்கிழமை மமதாவின் மேஜையில் பட்டியலை வைத்தபோது ஒவ்வொரு பேருக்கும் எதிரே பென்சிலில் ஊர் எழுதியிருந்தாள். மாரத்தஹள்ளி. ஓசூர். கே.ஆர்.புரம். ஒரு பேருக்கு மஸ்கட். ஒன்றாம் நம்பருக்கு எதிரே ஒயிட்ஃபீல்டு.

"இவங்க யாரும் இங்க இல்ல மேடம். ஏமாத்தணும்னு எழுதல. வருவாங்கன்னு எழுதிட்டாங்க. நானுந்தான்."

மமதா பக்கம் பக்கமாகப் புரட்டினாள். "எங்கம்மா இன்னும் ரேஷன் கார்டுல என் பேர எடுக்க விடல," என்றாள், தாளைப் பார்த்தபடியே. பிறகு ஃபைலிலிருந்து ஒரு படிவத்தை உருவினாள். "இதுல பக்கத்துப் பக்கத்துல ரெண்டு காலம் இருக்கு. இப்போ உபயோகிக்கிறவங்க ஒண்ணு. பாதை வந்தா உபயோகிக்கப் போறவங்க ஒண்ணு. நீங்க எல்லாரையும் முதல் காலத்துல போட்டுட்டீங்க. ரெண்டாவதுல போடலாம். ஆனா மேல கேட்டா சொல்ல எனக்கு ஏதாவது கையில வேணும். ஆள் இல்லன்னாலும் அவங்க சைக்கிள் இங்க இருக்குதா?"

"இருக்குது," என்றாள் வினோலியா. இந்தக் கேள்விக்கு எந்த வீட்டிலும் போய்க் கேட்க வேண்டியிருக்கவில்லை. "அப்போ திங்கட்கிழமை காலையில அதையெல்லாம் பாதையில கொண்டுவரச் சொல்லுங்க, எண்ணிக்கறேன்," என்றாள் மமதா.

ஞாயிற்றுக்கிழமை லைனில் இருந்த ஒரே சைக்கிள் கடையில் எள் போட்டால் விழ இடமில்லை. பரண்மேல் இருந்து இறங்கியவை, கோழிக் கூண்டுக்குத் தடுப்பாக நின்றவை, துணி காயப்போட்டவை என்று எல்லாம் வரிசையில் நின்றன. டியூப் தீர்ந்து ராபர்ட்சன்பேட்டைக்கு ஆள் அனுப்பினார்கள். வினோலியா போகவில்லை. ஸ்டீவனின் சைக்கிள் கொல்லைப் பக்கச் சுவரில் பழைய போர்வைக்குள் சாய்ந்து கிடந்தது. குடத்தை எடுக்கப் போனபோது இரண்டு தடவை அதைத் தாண்டிப் போனாள்.

திங்கட்கிழமை வெளிச்சம் வந்ததும் எண்ணத் தொடங்கினார்கள். மமதா கருவியோடு, வினோலியா பட்டியலோடு. முதலில் வழக்கமான நாற்பத்தொரு பேர். அவர்களுக்குப் பின்னால் மற்றவர்கள் வந்தார்கள். ஒரு சைக்கிளை ஓட்டிக்கொண்டே ஆளில்லாத இன்னொன்றை ஹாண்டில் பிடித்துக் கூட்டிக்கொண்டு வரும் பெண்கள். சீட்டில் பிளாஸ்டிக் உறை இன்னும் பிரிக்காத சைக்கிள்கள். ஒரு முட்டியைத் தாங்கித் தாங்கி, இரண்டு பக்கமும் மகன்களைப் பிடிப்பது போல இரண்டு சைக்கிளைப் பிடித்து நடந்து வந்த காத்தவராயன். பார்வதம்மா ரவிகுமாரின் கியர் சைக்கிளைத் தள்ளிக்கொண்டு வந்தாள்.

"ஓட்டத் தெரியுமா யக்கா?" என்று யாரோ சீண்டினார்கள்.

"தள்ளத் தெரியும்டி. பெத்து, தள்ளினு, இஸ்கூலுக்கு இட்டுனு போனவதான நான்."

மமதாவின் கட்டைவிரல் ஓயவில்லை. எல்லோரும் மேட்டைச் சுற்றி மறைந்த பிறகு கருவியைப் பார்த்தாள். "இருநூத்தி நாலு. போதும் மேடம். மேல அனுப்பிடறேன், அவங்க என்ன சொல்றாங்களோ பார்க்கலாம்." பட்டியலின் முதல் வரியில் டிக் இல்லாததைக் கவனித்தாள். குரலைத் தாழ்த்தினாள். "ஒண்ணாம் நம்பர் வரலைன்னாலும் பரவால்ல."

"ஒரு பத்து நிமிஷம்," என்றாள் வினோலியா.

வீட்டுக்கு ஓடினாள். போர்வையை உருவினாள். இரண்டு டயரும் தரையோடு அப்பிக் கிடந்தன. பக்கத்து வீட்டுப் பம்பை வாங்கி மூச்சிரைக்க அடித்தாள். பின் டயர் நின்றது. முன் டயரில் காற்று எங்கோ கசிந்துகொண்டே இருந்தது. போகிற வரைக்கும் போகட்டும் என்று தன் சைக்கிளில் ஏறி, அவன் சைக்கிளின் ஹாண்டிலை இடது கையால் பிடித்துக்கொண்டு மிதித்தாள். அது அவள் சொன்னபடி வரவில்லை. முள் பக்கம் இழுத்தது, மேட்டுப் பக்கம் சாய்ந்தது. மமதாவைத் தாண்டும்போது கருவி சொடுக்கும் சத்தம் கேட்டதா என்று தெரியவில்லை. திரும்பிப் பார்க்கவும் முடியவில்லை. இரண்டே கால் கிலோமீட்டரும் மணிக்கட்டு வலிக்க வலிக்கப் பிடித்தே வந்தாள்.

ஸ்டேஷன் வேலி ஓரம் நூற்றுக்கும் மேலே சைக்கிள்கள் நின்றன. கொண்டுவந்தவர்கள் யாரையும் காணோம். வேலைக்கும் அடுப்புக்கும் திரும்பிவிட்டிருந்தார்கள். கிட்டே போன பிறகுதான் கவனித்தாள். எதிலும் பூட்டு விழவில்லை. சாவிகள் பூட்டிலேயே தொங்கின. சிலதில் நூல் கட்டி, சிலதில் மாதா படத்தோடு. ரயிலிலிருந்து இறங்குகிறவன் தேடாமல் ஏறிப் போகட்டும் என்று முன்சக்கரங்களை எல்லாம் பாதையின் பக்கம் திருப்பி நிறுத்தியிருந்தார்கள்.

வினோலியா ஓர் இடைவெளி பார்த்து ஸ்டீவனின் சைக்கிளைச் செருகினாள். ஸ்டாண்டு போட்டாள். முன்சக்கரத்தில் அதற்குள் பாதிக் காற்று இறங்கியிருந்தது. தன் கேரியரிலிருந்து இரவல் பம்பை எடுத்து, மண்ணில் குந்தி, வால்வு மூடியைத் திருகினாள். பெங்களூரிலிருந்து வரும் காலை வண்டி பிளாட்பாரத்துக்குள் நுழைந்துகொண்டிருந்தது. அவள் தலையைத் தூக்காமல் அடித்துக்கொண்டிருந்தாள்.