மூவாயிரம் சிரிப்பு முகங்கள்

எங்கள் சட்டமன்ற உறுப்பினர், எல்லோரும் 'ஒய்.பி.' என்று மரியாதையாகக் கூப்பிடும் தேவானந்தன், எதையும் ஊர் வாயில் போட்டுப் பார்த்துத்தான் முடிவெடுப்பார். நான் அவருடைய செய்தித் தொடர்பாளன். மலேசியாவில் எங்கள் ஜொகூர் மாநிலத் தமிழர்கள் படிக்கிற ஒரு முகநூல் பக்கத்தில், யாரோ எழுதியதுபோல் நான் ஒரு பதிவு போடுவேன். மூன்று நாளில் காற்று எந்தப் பக்கம் அடிக்கிறதோ அந்தப் பக்கம் அவர் அறிக்கை விடுவார்.

அதிக லாபம் தருவதாகச் சொல்லி ஊராரின் சேமிப்பை வாங்கிவந்த ஒரு கூட்டுறவுக் கழகம் திடீரென்று கதவைச் சாத்தியது. லாயாங் லாயாங்கில் இருக்கும் என் அத்தை புஷ்பவள்ளி, செம்பனைத் தோட்டத்தில் உழைத்துச் சேர்த்த சேமநிதி முழுவதையும் அங்கேதான் போட்டிருந்தார். அடுத்த மாதம் அவருக்கு இருதய அறுவைச் சிகிச்சை. அரசு மருத்துவமனையில் வரிசை நீளம் என்று தனியாரில் தேதி வாங்கியிருந்தோம். பணத்தை இழந்தவர்களுக்கு மாநில அரசு அவசர நிதி கொடுத்தால்தான் உண்டு. அதைக் கேட்கும் கடிதம் ஒய்.பி.யின் மேசையில் கையெழுத்துக்காகக் காத்திருந்தது.

"முதல்ல சனங்க என்ன சொல்றாங்கன்னு பாருங்க," என்றார் தேவானந்தன்.

நான் கொஞ்சம் அதிபுத்திசாலி. பரிதாபமாக எழுதினால் யாரும் திரும்பிப் பார்க்கமாட்டார்கள். சீண்டினால் பணத்தை இழந்த அறுநூறு பேரும் பொங்கி எழுவார்கள், அதைக் காட்டிக் கையெழுத்து வாங்கிவிடலாம் என்று நினைத்தேன். 'அதிக லாபத்துக்கு அலைந்தவர்களுக்கு நம் வரிப்பணமா?' என்று போட்டேன்.

பொங்கியவர்கள் வேறு ஆட்கள். சாயங்காலத்துக்குள் பதிவின் கீழே, பணத்தை இழந்தவர்களைக் கேலி செய்து மூவாயிரம் சிரிப்பு முகங்கள். மறுநாள் வானொலியில் அதே கேள்வி. மூன்றாம் நாள் எதிர்க்கட்சிக்காரரும் அதையே தன் சொந்தச் சரக்குபோல் பேசினார். பணம் இழந்தவர்கள் பெயர் கொடுக்க லாயாங் லாயாங் கோயில் மண்டபத்தில் மேசை போட்டிருந்தோம். வந்தது பதினோரு பேர். அத்தையின் பெயர் இல்லை.

ஒய்.பி. கடிதத்தை மேசைக்குள் தள்ளினார். அந்தப் பதிவை ஏன் அப்படி எழுதினேன் என்று சொல்ல வாயெடுத்தேன்.

"யாரு எழுதுனா என்ன லா? இப்ப எல்லாரும் அதத்தான சொல்றாங்க."

பயந்துபோய் அத்தை வீட்டுக்குக் காரை விரட்டினேன். மருத்துவமனைக்கு அவரே போன் செய்து தேதியை ரத்து செய்திருந்தார்.

"கோயில்ல என்னையப் பாத்துக்கிட்டே பேசுறாங்கய்யா. நான் ஆசப்பட்டது நெசந்தானே. அடுத்தவங்க வரிக் காசுல எனக்கெதுக்கு உசிரு?"

அதை எழுதியது நான்தான் என்றேன். இரண்டு தடவை சொன்னேன். எனக்கு அழுகையே வந்துவிட்டது.

அத்தை என் கையைப் பிடித்துக்கொண்டார். "எம் மனசு நோகக்கூடாதுன்னு பழிய நீ ஏத்துக்காதய்யா."