அவசியப் பெட்டி, ஆசைப் பெட்டி

ஏழாம் வகுப்புக் கணக்கு டீச்சருக்குக் காலையிலிருந்தே எரிச்சல். சம்பளம் வந்து இரண்டு மாதமாகிறது. கேட்கப் போனால் பள்ளி நிர்வாகி பிடி கொடுத்தால்தானே! "இன்னைக்கு உங்க வகுப்புல வந்து உட்கார்றேன் மிஸ். புது டேப்லெட்ல பாடம் நல்லா போச்சுன்னா, சம்பளத்தைப் பத்தியும் பேசிடலாம்" என்று சொல்லி அனுப்பிவிட்டார். செய்த வேலைக்குக் காசு கேட்டால் பரீட்சை வைக்கிற மனுஷன்.

பாடம் என்னவோ பணத்தைத் திட்டமிட்டுச் செலவழிப்பது. ஒரு மாதிரிக் குடும்பத்தின் வரவுசெலவு பெரிய திரையில் வரும். ஒவ்வொரு செலவையும் பிள்ளைகள் தங்கள் டேப்லெட்டில் விரலால் இழுத்து 'அவசியம்' அல்லது 'ஆசை' பெட்டியில் போடவேண்டும். எந்தப் பெட்டியில் எத்தனை பேர் போட்டார்கள் என்று திரை உடனே காட்டும். கேட்க நன்றாகத்தான் இருக்கிறது. ஆனால் முப்பத்திரண்டு டேப்லெட்டில் ஒன்பதுக்குச் சார்ஜ் இல்லை. அதற்கெல்லாம் வயர் செருகி முடிப்பதற்குள் கால் மணி நேரம் போய்விட்டது.

நிர்வாகி கடைசி பெஞ்சில் வந்து அமர்ந்தார். டீச்சர் பொத்தானை அழுத்தினார். மாதிரிக் குடும்பம் வரவில்லை. வட்டம் சுற்றிக்கொண்டே இருந்தது. பிள்ளைகள் பேச ஆரம்பித்தார்கள். நிர்வாகி கைக்கடிகாரத்தைப் பார்த்தார். பதற்றத்தில் டீச்சர், மடிக்கணினியில் இருந்த வேறொரு கணக்கைத் தட்டிவிட்டார். நேற்று வீட்டில், பழகிப் பார்ப்பதற்காகத் தன் சொந்தக் கணக்கையே போட்டு வைத்திருந்தார். அது ஜம்மென்று திரையில் வந்து நின்றது. வாடகை, பால், பஸ், அம்மாவின் மருந்து. மேலே கொட்டை எழுத்தில்: இந்த மாத வருமானம் 0.

நல்லவேளை, பெயர் இல்லை.

"இது யாரு மிஸ்?" என்றாள் முதல் பெஞ்சுக்காரி. எதையும் சும்மா விடமாட்டாள் அவள்.

"ஒரு டீச்சர்னு வெச்சுக்கோங்க."

"வேலைக்குப் போகலையா?"

"தினமும்தான் போறாங்க. ரெண்டு மாசமா சம்பளம் தரல."

"அவங்க ஸ்கூல்ல காசே இல்லையா?"

சமாளித்துவிட்டு அடுத்த கேள்விக்குப் போயிருக்கலாம். ஆனால் அடக்கி அடக்கி வைத்தது தொண்டைவரை வந்திருந்தது. "இருந்துச்சு. அதுல வேற ஒண்ணு வாங்கிட்டாங்க."

"என்ன வாங்கினாங்க?"

"டேப்லெட்."

சொன்ன பிறகுதான் டீச்சருக்கு உறைத்தது. இந்த வாய் இருக்கிறதே! கடைசி பெஞ்சைப் பார்க்கத் துணிச்சல் வரவில்லை.

"அதையும் பெட்டியில போடலாமா மிஸ்?"

இனி மறைத்து என்ன ஆகப்போகிறது? இரண்டு வரிகளைச் சேர்த்தார். பள்ளிக்கூடத்தின் செலவு: டீச்சர் சம்பளம். டேப்லெட். முப்பத்திரண்டு விரல்கள் இழுத்தன. திரையில் எண்கள் துள்ளி வந்து நின்றன. சம்பளம், அவசியம்: முப்பத்திரண்டு. டேப்லெட், ஆசை: முப்பத்திரண்டு. ஒரு பிள்ளைகூட மாற்றிப் போடவில்லை.

நிர்வாகி எழுந்தார். கைதட்டினார்! "பிரமாதம் மிஸ்! எல்லாரும் ஒரே நொடியில பதில் சொல்லிட்டாங்களே!" என்று திரையைப் போட்டோ எடுத்துக்கொண்டார். "இதை அட்மிஷன் நோட்டீஸ்ல போடணும்." அதில் என்ன எழுதியிருக்கிறது என்று அவர் படித்ததாகவே தெரியவில்லை.

டீச்சருக்குப் பொறுக்கவில்லை. பிள்ளைகள் முன்னாலேயே கேட்டுவிட்டார். "அப்ப என் சம்பளம் சார்?"

"பேசலாம், பேசலாம். எட்டாம் வகுப்புக்கும் முப்பது டேப்லெட் ஆர்டர் போடப்போறேன். அது முதல்ல முடியட்டும்."

சிரித்த முகத்தோடு அவர் வெளியே போனார். பிள்ளைகள் திரையில் இருந்த அம்மாவின் மருந்தை ஒருமுறையும் டீச்சரை ஒருமுறையும் பார்த்தார்கள். அது யாருடைய கணக்கு என்று இப்போது எல்லோருக்கும் தெரிந்துவிட்டது.