வெறும் குப்பி தின்ற யாக்

அன்று மதியம் கூடியவர்கள் பன்னிரண்டு பேர். அடுப்பின் வலப்பக்க வரிசையில் முதல் இடம் ஊர்த்தலைவர் அங்துயிக்கு. என் அம்மாவின் அண்ணன், எனக்கு அஜாங். அவரை அடுத்து, இரண்டு யாக் கன்றுகளைப் பறிகொடுத்த துப்தன்; எனக்கு அண்ணன் முறை, ‘அச்சோ’ என்றுதான் கூப்பிடுவேன். அதற்குக் கீழே வயதுப்படி எட்டு ஆண்கள். எதிர்வரிசையில் துப்தனின் மனைவி சோடன்; எனக்கு ‘அச்சே’, அக்கா. வாசலையொட்டி, தேநீர் ஊற்ற வசதியாக, நான்.

என் மடியில் ஆய்வுக்கூடத்திலிருந்து வந்த கடிதம். ஏப்ரலில் ஓநாய்க் குகையைச் சுற்றிக் கிடந்த மல எச்சங்களைப் பொறுக்கிக் குப்பிகளில் போட்டு, மொத்தம் இருபது குப்பிகள் அனுப்பியிருந்தேன். எச்சத்தில் மிச்சமிருக்கும் டி.என்.ஏ.வைப் படித்து, ஓநாய்கள் எதைத் தின்றன என்று எழுதியிருந்தார்கள். குகையில் இப்போது நான்கு குட்டிகள். காலையில் போய்க் கல்லடுக்கி அதை மூடுவதா வேண்டாமா என்பதுதான் அன்றைய பேச்சு.

“படி பல்கித்,” என்றார் அஜாங்.

படித்தேன். மலையாடு ஒன்பது குப்பிகளில். முயல் நான்கில். யாக், இருபதிலும்.

“இருபதுலயுமா?” துப்தன் எழுந்தேவிட்டார். “இதுக்கு மேல என்ன பேச்சு? கடப்பாரை யார் வீட்ல இருக்குன்னு மட்டும் சொல்லுங்க.”

“உக்காருங்க,” என்றாள் சோடன். “வீட்ல ஒரு வாளி தண்ணி எடுக்க இந்த வேகத்துல எந்திரிச்சிருக்கீங்களா?”

எல்லோரும் சிரித்தார்கள். நான் கடிதத்தின் கடைசி வரியிலேயே நின்றுவிட்டேன்: ‘வெறும் குப்பியின் எண்ணைத் தெரிவிக்கவும்.’

இருபதில் ஒன்றில் எச்சம் இருக்காது. ஸ்பிரிட் மட்டும் ஊற்றி, மற்றவற்றோடு அதே இடத்தில் திறந்து மூடி அனுப்ப வேண்டும். அதிலும் ஏதாவது தெரிந்தால், வெளியிலிருந்து கலந்தது என்று அர்த்தம். அது எந்த எண் என்பது என் நோட்டில் மட்டும் இருக்கும். ஆய்வுக்கூடத்தில் படிக்கிறவர்களுக்கு முன்கூட்டியே தெரியக்கூடாது. நோட்டைப் புரட்டினேன். பதினொன்று.

“அஜாங், பதினொன்னுல நான் ஒண்ணுமே போடல. அதுவும் யாக் தின்னதா வந்திருக்கு.”

“வெறும் குப்பி எப்படிடி யாக் தின்னும்?”

“ஓநாய் மோண்டிருக்கும்,” என்றார் துப்தன்.

“குப்பிக்குள்ளயா? குறி பாத்தா?” என்றாள் சோடன்.

ஆய்வுக்கூடத்திலும் தனியாக ஒரு வெறும் குப்பி வைத்திருந்தார்கள். அது சுத்தமாக இருந்ததென்று கடிதத்திலேயே இருந்தது. அப்படியானால் யாக் இங்கிருந்துதான் போயிருக்கிறது. நான் கையுறை போட்டேன். இடுக்கியைத் தீயில் காட்டினேன். ஒவ்வொன்றுக்கும் புதுக் காகிதம் விரித்தேன். பிறகு எப்படி?

“முழிச்சது போதும், டீயை ஊத்து,” என்றார் அஜாங்.

பிளாஸ்க் மூடி இறுகியிருந்தது. என் கட்டைவிரல் தானாகவே பக்கத்துக் கிண்ணத்து வெண்ணெயைத் தொட்டு மூடியின் விளிம்பில் தடவியது. தடவிய விரலைப் பார்த்துக்கொண்டு அப்படியே உட்கார்ந்துவிட்டேன்.

ஏப்ரல் குளிரில் குப்பி மூடிகள் இறுகிக்கொள்ளும். போகும் முன் வீட்டிலேயே இருபது மூடிகளின் மரையிலும் வெண்ணெய் தடவினேன். தாழ்ப்பாள், சேணத்து வார், குழந்தையின் கன்னம், எதற்குத்தான் இங்கே தடவமாட்டோம்? அதை நோட்டில் எழுதவேண்டும் என்றுகூடத் தோன்றவில்லை.

மூன்று வருடமாக இந்த வேலைக்கு என் கைதான் சுத்தமான கை என்று ஊரில் பேர். இருந்தாலும் வெண்ணெய் தடவியதைச் சொன்னேன்.



“எந்த வெண்ணெய்?” என்றாள் சோடன்.

“நீங்க குடுத்ததுதான், அச்சே.”

“அப்ப இருபதுலயும் இருக்கறது எங்க வீட்டு யாக்குதான்!”

அஜாங்குக்குப் புரையேறியது. துப்தன் மட்டும் சிரிக்கவில்லை.

“அப்ப என் கன்னுங்க அதுங்க வயித்துல இல்லையா?”

“தெரியல அச்சோ. இருக்கலாம். இந்தக் காகிதத்த வெச்சு சொல்ல முடியாது.”

“திரும்ப அனுப்பினா?”

“பதில் வர ஆறு வாரம்.”

“அதுக்குள்ள குட்டிங்க குகைய விட்டுப் போயிடும்.”

“போயிடும்.”

அவர் கோப்பையை இரண்டு தடவை திருப்பி வைத்தார். “ஒரு எலும்புகூடக் கிடைக்கல பல்கித். பள்ளத்துல விழுந்துச்சா, பனிச்சிறுத்தை தூக்குச்சா, இதுங்கதானா, ஒண்ணும் தெரியல. தெரியாமலே குகைய மூடிட்டா அப்புறம் யாரப் போய்க் கேக்கறது?”

அஜாங் மற்றவர்களை ஒரு சுற்றுப் பார்த்தார். “காலைல நீங்க ரெண்டு பேரும் போங்க. கடப்பாரை வேணாம்.”

மறுநாள் துப்தன் உதட்டில் வெண்ணெய் இல்லாமல் வந்தார். பாதி ஏற்றத்திலேயே உதடு வெடித்துவிட்டது, நக்கிக்கொண்டே நடந்தார். குகைக்குக் கீழே புது எச்சங்களாகத் தேடிப் பத்தொன்பது எடுத்தோம். சோப்புப் போட்டுக் கழுவிய கையில் கையுறை மாட்டி, வெறும் குப்பியை அவரே திறந்து மூடினார். அதற்கு நான் பிறகு போட்ட எண் என்ன என்று கேட்டார். நான் நோட்டை மூடிக்கொண்டேன்.

“எனக்குமா சொல்லமாட்ட?”

“உங்களுக்குந்தான்.”

வீட்டுக்கு வந்து எழுதினேன்: ‘வெறும் குப்பி பதினொன்று. அதில் வந்த யாக், மூடியில் நான் தடவிய வெண்ணெய். தவறு என்னுடையது. முந்தைய பட்டியலில் யாக்கை அடித்துவிடவும். புதிதாக இருபது குப்பிகள் இத்துடன்.’

வாற்கோதுமை மாவை வெறும் தண்ணீரில் குழைத்து உறையை ஒட்டினேன். தபாலாபீஸ் இருக்கும் காசா டவுனுக்குப் போகும் பஸ் வந்தது. பெட்டியைக் கூரைமேல் போடச் சொன்ன டிரைவரை முறைத்துவிட்டு, துப்தன் அதையும் கடிதத்தையும் மடியில் வைத்துக்கொண்டு ஜன்னலோரம் உட்கார்ந்தார்.