கூலர் வேண்டாம் என்றவன்

அந்தப் பகுதியில் எல்லோருக்கும் அவள் ரேடியேட்டர் அக்கா. ஓட்டையான ரேடியேட்டரைத் தண்ணீர்த் தொட்டியில் அமுக்கிக் காற்றடித்து, குமிழி கிளம்பும் இடத்தைக் கண்டுபிடித்துப் பற்றவைப்பது அவள் தொழில். வயதில் பெரியவர்கள்கூட அக்கா என்றுதான் கூப்பிட்டார்கள். கூடப் பிறந்த முறையில் அப்படிக் கூப்பிடுகிறவன் ஒருவன்தான், ஆம்புலன்ஸ் ஓட்டுகிற தம்பி. அம்மா போனபோது அவனுக்கு ஒன்பது வயது, அவளுக்குப் பத்தொன்பது. அவனைக் குளிப்பாட்டிப் பள்ளிக்கூடம் அனுப்பிவிட்டுத்தான் அவள் பட்டறைக்கு வேலை கற்கப் போவாள்.

தம்பியிடம் ஒரு பழைய சின்னக் கார் இருந்தது. தெருவில் நின்றால் யாரும் திரும்பிப் பார்க்கமாட்டார்கள். ஆனால் நாலு வருஷமாக விடுமுறை நாளெல்லாம் அதன் கீழேயே படுத்துக் கிடந்து, எஞ்சின் வேகத்தைக் கூட்டும் டர்போ வைத்து, பிரேக் மாற்றி, பின் சீட்டைக் கழற்றி எறிந்து, முன்னால் ரேஸ் சீட்டு போட்டு, அதை வேறு பிறவியாக்கி வைத்திருந்தான். அவளும் கூடவே கிடந்தாள். அச்சகத்தில் மெஷின் ஓட்டும் அவள் கணவர், தம்பிக்கு வரப்போகிறவள் சமைக்கத் தெரியாவிட்டாலும் பரவாயில்லை, பானெட் திறக்கத் தெரிந்திருக்க வேண்டும் என்று கேலி செய்வார்.

இரண்டு மாதத்துக்கு ஒருமுறை ரேஸ் டிராக்கைப் பொதுமக்களுக்குத் திறந்துவிடுவார்கள். போன வருஷம் கடைசியாகப் போனபோது, நாலாவது சுற்றிலேயே எஞ்சின் ஆயிலின் சூடு நூற்று நாற்பது டிகிரியைத் தாண்டிவிட்டது. ஆயில் தண்ணீராய் இளகி, பிரஷர் முள் படுத்துவிட்டது. இன்னொரு சுற்று போயிருந்தால் எஞ்சின் கையை விரித்திருக்கும். ஆயில் கூலர் போட்டே ஆகவேண்டும் என்று அன்றைக்கே இரண்டு பேரும் முடிவு செய்தார்கள். அதுவும் குட்டி ரேடியேட்டர்தானே. முன்பக்கம் காற்றுப் படும் இடத்தில் பொருத்திவிட்டால், ஆயில் அதற்குள் போய் ஆறித் திரும்பும். இது என் இலாகா என்று அவள் தானே முன்வந்து அலுமினியப் பட்டையை வெட்டி, வளைத்து, துளை போட்டுத் தாங்கி செய்தாள். கூலரும் வந்து சேர்ந்தது.

அதற்கப்புறம்தான் தம்பி பின்வாங்க ஆரம்பித்தான். முதலில் வேலை அதிகம் என்றான். ஆம்புலன்ஸிலிருந்து அவனைக் கன்ட்ரோல் ரூமில் போன் எடுக்கும் வேலைக்கு மாற்றியிருந்தார்கள், அதனால் நேரம் ஒத்துவரவில்லை என்றான். பிறகு, கூலருக்குப் போகும் குழாய் எங்காவது உரசி வெடித்தால் ஒரு நிமிஷத்தில் எஞ்சின் போய்விடும் என்றான். ஊருக்குள் ஓட்டும்போது ஆயில் சரியாகச் சூடேறாது, அது இன்னும் கெடுதல் என்றான். சூடேறிய பிறகே கூலருக்கு வழிவிடும் தெர்மோஸ்டாட் இருக்கிறதே என்று அவள் கேட்டால், அதுவும் முழுசாக அடைக்காது, கொஞ்சம் கசியவிடும் என்றான். அவன் சொன்ன எல்லாவற்றிலும் நியாயம் இருந்தது. அதுதான் அவளுக்கு எரிச்சல். ஒரு வாரம் இரண்டு பேரும் முகம் கொடுத்துப் பேசவில்லை.

கடைசியில், அளந்து பார்த்துவிடுவோம் என்று அவள்தான் இறங்கிவந்தாள். ஊருக்கு வெளியே நீர்த்தேக்கத்துக்கு ஏறும் மலைச்சாலை உண்டு. அதில் விரட்டி ஏறி, ஆயில் எவ்வளவு சூடாகிறது என்று குறித்துக்கொண்டு அதன்படி முடிவெடுக்கலாம் என்றாள். அவனும் சரி என்றான். ஞாயிற்றுக்கிழமை காலையில் வந்தவன் சாவியை அவளிடம் நீட்டினான். நீ ஓட்டு, நான் மீட்டரைப் பார்த்து எழுதுகிறேன் என்றான். அந்தக் காரின் ஸ்டியரிங்கை அவன் இதுவரை யாருக்கும் கொடுத்ததில்லை. அவளுக்கு அப்படியொரு சந்தோஷம். அந்தச் சந்தோஷத்தை நினைத்துப் பின்னால் எத்தனையோ நாள் அவள் கூசிப்போனாள்.

கிளட்ச் கல்லாட்டம் இருந்தது. வளைவுக்கு வளைவு, இப்போது இரண்டாவது கியர் போடு, இப்போது மிதி என்று அவன் சொல்லிக்கொண்டே வந்தான். சொன்னபடி அவள் மிதித்தாள். உச்சியில் நீர்த்தேக்கத்தின் அருகே நிறுத்தியபோது மீட்டர் நூற்றுப் பன்னிரண்டு காட்டியது.

"நூத்திப் பன்னெண்டுதான். ஆனா நான் ஓட்டுறதும் நீ ஓட்டுறதும் ஒண்ணாடா? இத வெச்சு என்ன முடிவு பண்றது?" என்றாள்.

"ஒண்ணுதான்க்கா. இனிமே நீதானே ஓட்டப்போற."

அவள் சிரித்துக்கொண்டே அவன் மடியிலிருந்த நோட்டை எடுத்தாள். முதல் இரண்டு எண்கள் தெரிந்தன. மூன்றாவது கோட்டுக்குக் கீழே சரிந்திருந்தது. அதற்கப்புறம் எண்களே இல்லை, பேனா இழுபட்ட கீறல்கள் மட்டும் இருந்தன. பேனா அவன் காலடியில் கிடந்தது. வலது கையை அவன் இடது கையால் பிடித்திருந்தான்.

பிறகு அவனே சொன்னான். முதலில் கியர் கம்பி கையிலிருந்து நழுவியதாம். ஒருநாள், ஆம்புலன்ஸுக்குள் நோயாளி இருக்கும்போது, ஒரு திருப்பத்தில் விரல்கள் ஸ்டியரிங்கை இறுக்க மறுத்துவிட்டனவாம். நல்லவேளை எதுவும் ஆகவில்லை. மறுநாளே அவனாகவே எழுதிக் கொடுத்து வண்டியை விட்டு இறங்கிவிட்டான். யாரும் அவனை மாற்றவில்லை. தசைக்குச் செய்தி கொண்டுபோகும் நரம்பு ஒவ்வொன்றாகச் செத்துக்கொண்டு வருகிறது என்று டாக்டர் சொன்னாராம். முதலில் கை, அடுத்து கால், அப்புறம் பேச்சு, மூச்சு. மாத்திரை கொஞ்சம் தள்ளிப்போடும், அவ்வளவுதான். இதெல்லாம் தெரிந்து எட்டு மாதம் ஆகிறது என்றான்.

"எட்டு மாசமா ஏன்டா எங்கிட்ட சொல்லல?"

"நீ பத்தவெச்சு சரிபண்ணிடலாம்னு பாப்ப. முடியலைன்னா உடைஞ்சு போயிடுவ. அதான்."

கூலரை இன்றைக்கே போட்டுவிடுகிறேன், அடுத்த டிராக் நாளுக்குள் முடித்துவிடலாம் என்று அவள் ஏதேதோ சொன்னாள். சொல்லும்போதே அழுகை முட்டிக்கொண்டு வந்தது. அவன் அவளை அழவிட்டான்.

"ஆஸ்பத்திரிக்குப் போயிட்டு வர்ற வண்டிக்கு அது எதுக்குக்கா? அத மாட்டினா பாதி வழி வரைக்கும் ஆயில் சூடாகவே ஆகாது, எஞ்சின் தேஞ்சிடும்" என்றான். இடது கையால் டாஷ்போர்டைத் தடவி, "வண்டியாவது நல்லா இருக்கட்டும்" என்றான்.

மலையிறங்கும்போது அவள் கையில் இரண்டு முறை வண்டி அணைந்துபோனது. வேறு நாளாக இருந்தால் கிண்டலடித்துத் தள்ளியிருப்பான். அன்று அவள் மறுபடி கிளப்பும்வரை சாலையைப் பார்த்துக்கொண்டிருந்தான்.

வீட்டுக்கு வந்து கணவரிடம் சொன்னாள். அவர் கேட்டுவிட்டுக் கைகழுவப் போனார். ரொம்ப நேரம் தண்ணீர் விழும் சத்தம் மட்டும் கேட்டது. மறுநாள் அவள் பட்டறையில் தனியாக உட்கார்ந்து, புத்தம்புதுக் கூலரைத் தொட்டியில் அமுக்கிக் காற்றடித்துப் பார்த்தாள். ஒரு குமிழிகூட வரவில்லை. குறை என்று எதுவுமே இல்லை. அப்படியும் கையை எடுக்க மனமில்லாமல் அமுக்கிக்கொண்டே இருந்தாள்.

டிராக்கில் எப்போதும் தம்பிக்கு ஒரு கார் இடைவெளி முன்னால் போய் அவனை வெறுப்பேற்றும் பல் டாக்டர் ஒருவர் உண்டு. கூலரைத் தாங்கியோடு அவரிடம் கொடுத்துவிடச் சொன்னான் தம்பி. அவர் வந்து வாங்கிக்கொண்டார். காரணம் தெரிந்ததும், தாங்கியை யார் செய்தது, நேர்த்தியாக இருக்கிறது என்று மட்டும் சொல்லிவிட்டுப் போனார்.

அப்புறம், நாலு வருஷமாகச் செய்து வைத்திருந்ததையெல்லாம் அவர்கள் ஒவ்வொன்றாகத் திருப்பிச் செய்தார்கள். அவன் நாற்காலியில் உட்கார்ந்து சொல்வான், அவள் கழற்றுவாள். டர்போவின் வேகத்தை மட்டுப்படுத்தினார்கள். அவள் முழங்காலுக்குத் தோதாக இலகுவான கிளட்ச் வைத்தார்கள். ரேஸ் சீட்டின் பக்கவாட்டு மேட்டைத் தாண்டிக் காலைத் தூக்கிவைக்க அவனால் முடியாமல் போனபோது, பழைய இரும்புக் கடையில் தேடி, அந்தக் காரின் சாதா சீட்டு ஒன்றைக் கண்டுபிடித்தாள். கிழிசலை அவள் கணவர் உட்கார்ந்து தைத்தார். கோணலான தையல்தான்.

அடுத்த செவ்வாய்க்கிழமை ஆஸ்பத்திரிக்குக் கிளம்பும்போது அவனை அதில் உட்காரவைத்து, குனிந்து பெல்ட்டை மாட்டிவிட்டாள். வசதியாக இருக்கிறதா என்று கேட்டாள். இப்போதெல்லாம் அவன் பேச்சு குழறியது, காதைக் கிட்டே கொண்டுபோனால்தான் புரியும்.

"இது பரவால்லக்கா" என்றான்.

முதல் சிக்னல் வருவதற்குள் தூங்கிவிட்டான். பச்சை விழுந்தது, பின்னால் வந்தவன் ஹாரன் அடித்தான். தம்பியின் தலை ஆடாத மாதிரி அவள் மெதுவாக வண்டியை எடுத்தாள்.