மஞ்சள் பல்பு ரெண்டு

கடைக்காரர் பல்பை ஒரு பழைய பேட்டரியில் தொட்டுக் காட்டினார். மேஜை, அலமாரி, அவர் மீசை எல்லாம் பளீரென்று வெளுத்தன. அவளுக்குக் கண் கூசியது.

“பாத்தீங்களா? எல்இடி. இதை மாட்டினா ஊரே தெரியும்.”

“எனக்கு மஞ்சள் ஹாலோஜன்தான் வேணும். பைக் முன்னாடி லெக் கார்டு கம்பில ரெண்டு எக்ஸ்ட்ரா லைட் இருக்கு, அதுக்கு.”

“மஞ்சளா? இந்தக் காலத்துல யாரும்மா மஞ்சள் போடுறா? வண்டி யாரு ஓட்டுறது?”

“அப்பா.”

அப்பா இனி வண்டி ஓட்டப் போவதில்லை. டாக்டர் அறைக்கு வெளியே வைத்து அவளிடமும் அம்மாவிடமும் இனி அதிக நாள் இல்லை என்று சொல்லிவிட்டார். வீட்டுக்குக் கூட்டிப் போய் நல்லபடியாகப் பார்த்துக்கொள்ளச் சொன்னார். “அவர்கிட்ட இதைப் பத்தி மூச்சு விடக் கூடாது” என்று அம்மா அங்கேயே உத்தரவு போட்டாள். அன்று சாயங்காலம்தான் அப்பா முதன்முதலாகப் பல்பு பேச்சை எடுத்தார். ரெண்டும் ஃபியூஸ் போய் மாசக்கணக்காகிறது, மாத்தணும் என்றார். “அடுத்த மாசம் நீங்களே எழுந்து மாத்துங்க” என்று அம்மா சிரித்துக்கொண்டே சொல்லிவிட்டு, அடுப்படியில் போய் முகத்தைப் பொத்திக்கொண்டாள்.

அப்பாவைப் பொய் சொல்லியே அனுப்பி வைப்பதா? அவளுக்கு அதுதான் ஆறவில்லை. ஒரு தடவையாவது பக்கத்தில் உட்கார்ந்து உண்மையைப் பேசி அழுதுவிட வேண்டும் என்றிருந்தது. அம்மா அவளைத் தனியே விட்டால்தானே.

போன் போட்டாள். அம்மா எடுத்து, ஸ்பீக்கரில் அப்பாவின் வாயருகே பிடித்தாள்.

“அப்பா, எல்இடி நல்லா இருக்குன்னு சொல்றாரு. ஊரே தெரியுமாம்.”

மூச்சுச் சத்தத்துக்கு நடுவே அப்பாவின் குரல் வந்தது. “ஊரைப் பாத்து... என்ன பண்றது? ஏரிக்கரைல பனி. வெள்ளை லைட் அடிச்சா... நம்ம மூஞ்சியிலயே திருப்பி அடிக்கும். மஞ்சள். முப்பத்தஞ்சு வாட்.”

“அம்பத்தஞ்சு வேணாமா?”

“பேட்டரி... நாக்கு தள்ளிடும்.”

கடைக்காரர் பரணில் ஏறித் தூசி படிந்த அட்டைப் பெட்டிகளை உருட்டி, ஒரு ஜோடியைக் கண்டுபிடித்துக் கொடுத்தார்.

அந்த ஏரிக்கரைச் சாலையில்தான் அப்பா அவளைத் தினமும் வேலைக்குக் கொண்டுவிடுவார். ஆம்புலன்ஸ் கட்டுப்பாட்டு அறையில் போன் எடுக்கிற வேலை; விடிவதற்கு முன்னால் போய் உட்கார வேண்டும். அப்பா படுத்ததிலிருந்து பஸ் மாறி மாறிப் போகிறாள், பாதி நாள் தாமதம். வண்டி ஓட்டத் தெரியும். பகலில் கடைத்தெரு வரைக்கும் ஓட்டுவாள், அவ்வளவுதான்.

வீட்டுக்கு வந்தபோது வெளிச்சம் இறங்கிக்கொண்டிருந்தது. அப்பாவின் கட்டிலை ஜன்னலோரம் இழுத்துப் போட்டிருந்தார்கள். வெளியே முற்றத்தில் வண்டி, அதற்கு எதிரே பக்கத்து வீட்டின் மொட்டைச் சுவர். படுத்தபடியே ரெண்டையும் பார்க்கலாம். வண்டியைக் காட்டி, “என் சக்களத்தியைப் பாத்துக்கிட்டே இருக்கணும் உங்கப்பாவுக்கு” என்பாள் அம்மா.

கண்ணாடியில் விரல் படாமல் துணியால் பிடித்துப் பல்புகளை மாட்டினாள். சாவியைத் திருப்பி சுவிட்சைத் தட்டினாள். சுவரில் மஞ்சளாக இரண்டு வட்டம் விழுந்தது.

“எரியுதுப்பா!”

“கீழ பாக்குது,” என்றார் அப்பா ஜன்னலுக்குள்ளிருந்து. பாராட்டு என்பது அவர் வாயில் வராது. “காலடிதான் தெரியும்... ரோடு தெரியாது. நீ ஏறி உக்காரு.”

“ஏறி எதுக்கு? இங்கருந்தே திருப்பறேன்.”

“ஆள் உக்காந்துதான் வைக்கணும். ஏறினா பின்னாடி அமுங்கும்... மூக்கு தூக்கும். இப்ப இருக்கறது... என் கனத்துக்கு வச்சது.”

“அப்ப அப்படியே இருக்கட்டுமே. நீங்கதானே...”

“உன் எடைக்கு வை.”

அம்மா அவசரமாகக் குறுக்கே வந்தாள். “என்ன பேச்சு இது? அடுத்த மாசம் நீங்களே எழுந்து—”

“அவ ஏறட்டும்.”

அப்பா அம்மாவின் கையை மெல்லத் தட்டிக்கொடுத்தார். அழுகிற பிள்ளையைச் சமாதானம் செய்கிற மாதிரி இருந்தது. யாரும் யாரையும் பார்க்கவில்லை.

அப்பாவுக்கு எல்லாம் தெரிந்திருக்கிறது. இத்தனை நாளும் அவளும் அம்மாவும் அவருக்காக நடித்தார்கள். அவர் அவர்களுக்காக நடித்திருக்கிறார். அவளுக்கு ஓவென்று கத்த வேண்டும் போலிருந்தது. ஏறி உட்கார்ந்தாள். வண்டி அவளுக்காகக் கொஞ்சம்தான் அமுங்கியது.

குனிந்து இடது விளக்கின் நட்டைத் தளர்த்தினாள். வட்டம் சுவரில் தடுமாறியது.

“மேல,” என்றார் அப்பா. “இன்னும். லைட் இருக்கற உயரத்துக்கு... ஒரு சாண் கீழ நிக்கணும்.”

ஏற்றி இறுக்கினாள்.

“ம். அடுத்தது.”

வலது பக்க நட்டு துருப்பிடித்து அடம்பிடித்தது. பல்லைக் கடித்துக்கொண்டு திருப்பினாள். ஸ்பானர் நழுவி விரல் முட்டியில் தோல் உரிந்தது. அந்தப் பனிச் சாலையில் ஓட்ட எனக்குப் பயமாக இருக்கிறது அப்பா என்று சொல்ல நினைத்தாள். வேலை முடியட்டும், உள்ளே போய்ப் பக்கத்தில் உட்கார்ந்து சொல்லிக்கொள்ளலாம்.

“இப்ப பாருங்கப்பா.”

பதில் இல்லை. மூச்சு வாங்குகிறார் போல என்று காத்திருந்தாள். விளக்கை ஒரு நூல் ஏற்றினாள்.

“இன்னும் மேலயா?”

நிமிர்ந்து ஜன்னலைப் பார்த்தாள். அம்மாவின் முதுகு மட்டும் தெரிந்தது. கட்டில் மேல் குனிந்திருந்தாள். அவள் தோள்கள் குலுங்கின, ஆனால் சத்தம் வரவில்லை. ஒரு கை அப்பாவின் கண்களை மூடிவிட்டு, அங்கேயே நின்றது.

வெகுநேரம் கழித்து அம்மாவின் குரல் வந்தது. திரும்பாமலே பேசினாள்.

“சரியா இருக்குன்னு அப்பா... அப்பா சொல்றாரு.”

அவள் சுவரைப் பார்த்தாள். இரண்டு வட்டங்களும் ஒரே மட்டத்தில் இருந்தன.

“சரிம்மா,” என்றாள். விளக்கை அசையாமல் ஒரு கையால் பிடித்துக்கொண்டு, நட்டை இறுக்கத் தொடங்கினாள்.