தெற்குக் கட்டம்: சுழி

துறைமுக அலுவலகத்தில் மேல்மாடி வானிலைக்கு, கீழ்த்தளம் வயர்லெஸ்ஸுக்கு. மேலே அவள் கடலைக் கட்டங்களாகப் பிரித்து, ஒவ்வொன்றுக்கும் புயல் ஆபத்தை ஓர் எண்ணாகக் கணினியில் தட்டி அனுப்புவாள். கீழே ஒருவர் அதைப் படகுகளுக்கு வாசிப்பார். குரல் அப்படி என்பதால் அவருக்குப் பெயரே கரகரப்பு.

தெற்குக் கட்டத்துக்கு எப்போதும் பூஜ்யம்தான். அது நிலநடுக்கோட்டை ஒட்டியது. புயல் அங்கே பிறப்பதில்லை என்பது பாடம். பூமி சுழல்வதால் ஓடும் காற்று கொஞ்சம் பக்கவாட்டில் விலகும். அழுத்தம் குறைந்த இடத்தை நோக்கி வரும் காற்று இப்படி விலகுவதால்தான் நேரே உள்ளே விழாமல் சுற்றிச் சுற்றி வருகிறது. அந்தச் சுற்றலில்தான் புயல் பிழைத்திருக்கிறது. துருவத்தருகே விலகல் அதிகம், நடுக்கோட்டில் இல்லவே இல்லை. அங்கே காற்று பள்ளத்தில் பாயும் தண்ணீர்போல நேரே வந்து நிரப்பிவிடும். கதை முடிந்தது.

பூஜ்யம் என்ற சொல் வயர்லெஸ் இரைச்சலில் 'பூ' என்று ஊதி உடைந்துவிடுகிறது. அதனால் கரகரப்பு அதை எப்போதோ கைவிட்டு, சின்னதாக, சிதையாமல் போய்ச்சேரும் ஒரு சொல்லைப் பிடித்துக்கொண்டார். "தெற்குக் கட்டம், சுழி." படகுக்காரர்களுக்கு அது பழகிப்போன தாலாட்டு. மேலே மூடிய கண்ணாடிக்குள் வேலை செய்யும் அவளுக்கு மட்டும் அது தெரியாது. அவள் அனுப்புவது எண். அது எந்தச் சொல்லாக வாசிக்கப்படுகிறது என்று ஒருநாளும் இறங்கிவந்து கேட்டதில்லை.

அன்று காலை செயற்கைக்கோள் படத்தைப் பார்த்தவள் நாற்காலியை முன்னால் இழுத்தாள். வடக்கிலிருந்து நாள்கணக்கில் விடாமல் வீசிய குளிர்காற்று, வழியிலிருந்த ஒரு தீவின் மலையை உரசிய பக்கம் மெதுவாகவும் திறந்த கடலில் வேகமாகவும் போய்க்கொண்டிருந்தது. நடுவில் மாட்டிய காற்று, இரண்டு உள்ளங்கைகளுக்கிடையே உருட்டிய பென்சில்போலச் சுழலத் தொடங்கியிருந்தது. மேல்மாடியில் இப்படிச் சுழலும் காற்றுக்குச் சுழி என்று பெயர். பூமி தராத சுழற்சியைக் காற்றே கடன் வாங்கிக்கொண்டது. அது தெற்குக் கட்டத்துக்குள் இறங்கிக்கொண்டிருந்தது. அங்கேதான் அவளுடைய தம்பியின் விசைப்படகு.

பூஜ்யத்தைத் தவிர எந்த எண்ணைத் தட்டினாலும் அந்தக் கட்டத்துக்குக் கணினி ஏற்கவில்லை. அவள் போனை எடுத்தாள்.

"அண்ணே, தெற்குல சுழி! எல்லாருக்கும் சொல்லுங்க."

"தெற்குல சுழி. சரிம்மா."

"நல்லாக் கேட்டுச்சா? சுழி!"

"காது நல்லாத்தான் இருக்கு, தொண்டைதான் போச்சு. சுழி, சுழி, சுழி. போதுமா?"

அவள் மூச்சுவிட்டாள். தீவுக்குப் பின்னால் ஒதுங்கத் தம்பிக்கு நேரம் இருந்தது.

மத்தியானம் அவள் கீழே இறங்கினாள். கரகரப்பு கால்நீட்டி டீ குடித்துக்கொண்டிருந்தார்.

"என் தம்பி எதாவது சொன்னானாண்ணே?"

"சொல்லாம இருப்பானா? 'ஏசி ரூம்ல உக்காந்து காத்து விக்கிற எங்கக்கா நல்லாருக்காளா?'ன்னான். சுழிதானே, அப்போ வலைய இறக்குறேன்னான்."

"சுழின்னு தெரிஞ்சும் வலைய இறக்குறானா?"

"சுழின்னாத்தானே இறக்குவாங்க? ஆபத்து ஒண்ணும் இல்லேன்னு..."

அவள் முகத்தைப் பார்த்து அவர் நிறுத்தினார். டம்ளரை மேசையில் வைப்பதற்குள் அவள் மைக்கைப் பிடுங்கியிருந்தாள்.

நெடுநேரம் கூப்பிட்ட பிறகு இரைச்சலுக்குள்ளிருந்து தம்பி வந்தான்.

"அக்கா! இங்க என்னமோ பைத்தியக்காரக் காத்து அடிக்குதுக்கா. உன் பாடத்துல இது இல்லையே?"

"புயல்டா. வலைய அறுத்து விடு. முதுகுல காத்து படுற மாதிரி நில்லு. இடது கைப்பக்கம் புயலோட நடு. அதுலேர்ந்து விலகிப் போ."

"நாங்க நடுக்கோட்டுக்குக் கீழ இறங்கிட்டோம்க்கா. கீழ போனா வலது கைன்னு நீதானே சொன்னே?"

அவள் கண்ணை மூடினாள். கோட்டுக்குக் கீழே பிறக்கும் புயல் எதிர்ப்பக்கம் சுற்றும், உண்மைதான். ஆனால் இது வடக்கிலிருந்து சுழற்சியைக் கொண்டுவந்தது. கோட்டைத் தாண்டியதும் அது மாறிவிடாது.

"இடதுதான். நம்புடா."

"நம்புறேன். வலை புரொப்பல்லர்ல சுத்திக்கிச்சு, ஆளுங்க அறுத்துட்டு இருக்காங்க. இன்ஜின் மட்டும்..."

அதன்பின் இரைச்சல் மட்டும்தான். கரகரப்பு தம் முறைக்குக் கூப்பிட்டார். தொண்டை முழுதாகப் போகும்வரை கூப்பிட்டார்.

வடக்குக் காற்று தளர்ந்ததும் சுழல் தானாகவே கலைந்தது. தேடப்போன படகுகள் வலையின் மிதவைகள் சிலவற்றைக் கொண்டுவந்தன. கயிறு பாதிதான் அறுபட்டிருந்தது.

சில நாள் கழித்து அவள் மீண்டும் எண்களை அனுப்பினாள். அனுப்பிவிட்டுக் கீழே வந்து கதவருகே நின்றாள். கரகரப்பு ஒவ்வொரு கட்டமாக வாசித்தார்.

"தெற்குக் கட்டம்..."

அவர் விரல் பட்டனிலேயே இருந்தது. அவள் குனிந்து மைக்கில் சொன்னாள்: "தெற்கில் புயல் இல்லை."

இரைச்சலுக்குள்ளிருந்து எங்கோ ஒரு படகிலிருந்து ஒரு குரல், குழப்பமாக:

"யாரும்மா அது? அப்படின்னா என்ன, சுழிதானே?"